முகவரிக் கட்டம்

கார்த்திகை மழை தகரத்தில் பேசியது.
தவிசாளர் பேசியது எவருக்கும் கேட்கவில்லை.
ஒலிவாங்கியைத் தட்டினார்,
அது இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது.

பாதீடு அறுபத்து நாலு பக்கம்.
பன்னிரண்டாம் பக்கத்தில் என் வேலை கிடந்தது:
கண்டி வீதியின் இரு கரையிலும்
நூறு மீற்றருக்குள் நிற்கும் வீடு, கடை, களஞ்சியம்,
ஆண்டுப் பெறுமதியில் நூற்றுக்கு நாலு, சோலைவரி.
நாற்பத்தொன்பதில் நிரூஜா இருந்தா,
பெயராக இல்லை.
"முன்பள்ளி ஆசிரியைகள், ஊக்குவிப்புப்படி, மாதம் ஆறாயிரம்."
அதைப் பன்னிரண்டாக்குவதென்றால்
இதை அறவிட வேண்டும்.
இவ்வளவுதான் கணக்கு.
கணக்குக்குக் கைதட்ட ஆளில்லை.

குகனேசன் எழும்பினார்.
மூன்று ரிப்பர், ஒரு கல் உடைக்கும் ஆலை, ஒரு வட்டாரம்.
"வீட்டுத்திட்டக் காசு பாதியில முடிஞ்சு
கதவு நிலையில சேலை தொங்குது.
அந்தச் சனத்திட்டயோ வரி?"
மண்டபம் அதிர்ந்தது.
பொய்யில்லை,
அந்தச் சேலைகளை வீடு வீடாக எண்ணியவன் நான்.
அவருடைய மேல்மாடியை அளக்கப் போன மூன்று நாளும்
நாய் அவிழ்ந்திருந்தது.
அதையும் எண்ணியிருக்கிறேன்.

நிரூஜாவைப் பேசவிட்டார்கள்.
"இருபத்தேழு பிள்ளையள். ஒரு மலசலகூடம்.
மழையெண்டால் எல்லாரும் ஒரே மூலையில.
பாட்டு மட்டும்தான் படிப்பிக்கலாம்,
பாட்டு நனையாது."
பிறகு இருந்துவிட்டா.
யாரோ "பாவம்" என்றார்.
பாவத்துக்குப் பாதீட்டில் நிரல் இல்லை.

பின்வாங்கிலிருந்து ஒரு குரல்:
"எனக்கு வரி போடுங்கோ."

சிரித்தார்கள். அவ சிரிக்கவில்லை.
பாலைமுறிப்பு, பெருமாள் தவமலர்.
"அப்பா எழுபத்தேழில ஹற்றனால வந்து வெட்டின காடு.
மூண்டு தரம் விட்டிட்டு ஓடினம்,
மூண்டு தரம் வந்து பத்தை வெட்டினம்.
போன வருசம் வனவளக்காரர் கல்லு நட்டிட்டினம்,
என்ர அடுப்புக்கும் கிணத்துக்கும் நடுவில.
தண்ணி காட்டுக்குள்ள, சோறு ஊருக்குள்ள.
பெர்மிற் எரிஞ்சு போச்சு.
வரி எடுத்தால் நீங்கள் துண்டு தருவியள்.
துண்டில பேர் இருக்கும், இலக்கம் இருக்கும்.
நாலோ எட்டோ,
போடுங்கோ."

தவிசாளர் என்னைப் பார்த்தார்.
குகனேசனும் பார்த்தார், முதல் தடவையாக.
வீதியிலிருந்து இரண்டு கட்டை தூரம்,
பிணக்குள்ள காணி, பிரிவு, உபபிரிவு.
எல்லாம் எனக்குப் பாடம்.
"ஏலாது அம்மா."
சொன்னது நான்தான்.

வாக்கெடுப்பில் ஒன்பதுக்கு ஒன்பது.
தவிசாளர் தன் வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு
தேநீர் குடித்தார், பற்றீஸ் கடித்தார்,
மார்கழி பத்துக்கு ஒத்திவைத்தார்.

அடுத்தநாள் காலை
என் மேசைக்கு முன்னால் நனைந்த குடையோடு அவ.
பொலித்தீன் பைக்குள் ஓர் ஐந்நூறு தாள்.
வரியாக எழுத முடியாது என்றேன், மறுபடியும்.
"அப்ப அந்தப் பள்ளிக்கூடத்துக் கூரைக்கு எழுதுங்கோ."
ஐந்நூறுக்குத் தகரம் வராது.
"ஆணி வருமே."

நன்கொடைப் புத்தகத்தைத் தேட வேண்டியிருந்தது,
கறையான் முதல் தாளைத் தின்றிருந்தது.
பெயர் எழுதினேன். தொகை எழுதினேன்.
நோக்கம்: ஆணி.
நாலாவது கட்டம், முகவரி.

பேனை நின்றது.
அவ மேசைமேல் எட்டி
அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றா,
கூப்பன் கடையில் தராசைப் பார்ப்பதுபோல.

கல்லுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா
என்று நான் கேட்கவில்லை.
காபன் தாள் பழசு.
மூன்றாம் பிரதியிலும் விழவேண்டும் என்று
அழுத்தி எழுதினேன்.